சாய்வும் நெகிழ்ச்சியும் ஒன்றல்ல: நுண்ணினப் பொருளியல் கணக்குகள், கேள்வி பதில்

கேள்விகள் பெரும்பாலும் கல்லூரி முதலாண்டு மாணவர்களிடமிருந்தும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடமிருந்தும் வந்தவை. பல பதில்களுக்கும் ஒரே கணக்கை வைத்துக்கொள்கிறேன். ஒரு நகரத்தின் தக்காளிச் சந்தை. விலை கிலோவுக்கு ரூபாயில், அளவு நாளொன்றுக்கு டன்னில்.

தேவை: அளவு = 120 − 2 × விலை
அளிப்பு: அளவு = 3 × விலை − 30

இரண்டையும் சமப்படுத்தினால் 150 = 5 × விலை. சமநிலை விலை 30 ரூபாய், அளவு 60 டன். எண்கள் கணக்குக்காக எடுத்தவைதான்.

கேள்வி: இந்தத் தேவைச் சமன்பாட்டில் சாய்வு −2 என்று எழுதினேன். விடைத்தாளில் −½ என்று திருத்தியிருக்கிறார்கள். எது சரி?

எந்த அச்சில் எதைப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. கணிதத்தில் காரணமாகும் மாறியைக் கிடை அச்சில் போடுவோம். பொருளியலில் விலை செங்குத்து அச்சில் ஏறிவிட்டது. 1890-இல் ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் வரைந்த முறை அப்படியே நிலைத்துவிட்டது. (1838-இல் பிரெஞ்சு அறிஞர் கூர்னோ விலையைக் கிடை அச்சில்தான் போட்டார்.) ஆகவே படத்தில் தெரியும் சாய்வு, விலை = 60 − ½ × அளவு என்று திருப்பி எழுதிய சமன்பாட்டின் சாய்வு, அதாவது −½. வரையும் முன் சமன்பாட்டைத் திருப்பி எழுதிவிடுங்கள். 60 என்பது செங்குத்து அச்சில் வெட்டும் இடம். அந்த விலைக்கு ஒரு கிலோ கூட விற்காது.

கேள்வி: சாய்வு மாறாத நேர்கோட்டில் நெகிழ்ச்சி மட்டும் எப்படி மாறும்? இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. அதிக மதிப்பெண்ணைக் கொண்டுபோகும் குழப்பம் இதுதான். சாய்வுக்கு அலகு உண்டு: ஒரு ரூபாய் ஏறினால் 2 டன் குறையும். கிலோவை விட்டுக் குவிண்டாலில் விலை எழுதினால் அந்த 2 வேறு எண்ணாகிவிடும். நெகிழ்ச்சிக்கு அலகே கிடையாது. அது அளவின் சதவீத மாற்றத்தை விலையின் சதவீத மாற்றத்தால் வகுப்பது.

புள்ளி நெகிழ்ச்சி = (விலை மாற அளவு மாறும் வீதம்) × விலை ÷ அளவு

நம் கோட்டில் வீதம் எங்கும் −2. விலை 20 என்றால் அளவு 80, நெகிழ்ச்சி −2 × 20 ÷ 80 = −0.5. விலை 30 என்றால் −2 × 30 ÷ 60 = −1. விலை 45 என்றால் அளவு 30, நெகிழ்ச்சி −3. சாய்வு அப்படியே இருக்க, விலைக்கும் அளவுக்கும் உள்ள விகிதம்தான் மாறுகிறது.

விற்பனை வருவாயையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 20 × 80 = 1600, 30 × 60 = 1800, 45 × 30 = 1350. நெகிழ்ச்சி −1 ஆகும் இடத்தில் வருவாய் உச்சம். நேர்கோட்டில் அந்த இடம் எப்போதும் நடுப்புள்ளிதான்.

கேள்வி: விலை 20-இலிருந்து 30 ஆனால் நெகிழ்ச்சி 0.5 வருகிறது. 30-இலிருந்து 20 ஆனால் 1 வருகிறது. எதை எழுதுவது?

ஏறும்போது 20-ஐ அடிமானமாக வைத்து 50 சதவீத மாற்றம் என்கிறீர்கள். இறங்கும்போது 30-ஐ வைத்து 33.3 சதவீதம் என்கிறீர்கள். அடிமானம் மாறியதால் வந்த வேறுபாடு அது. இரு புள்ளிகள் கொடுத்தால் நடுப்புள்ளி முறையைப் பயன்படுத்துங்கள். அளவு மாற்றம் −20, சராசரி அளவு 70. விலை மாற்றம் 10, சராசரி விலை 25. −0.286 ÷ 0.4 = சுமார் −0.71. எந்தத் திசையில் போனாலும் இதே விடை. சமன்பாடு கையில் இருந்தால் வகைக்கெழு எடுங்கள், நடுப்புள்ளி முறை வேண்டாம்.

கேள்வி: மதுரை மல்லி முகூர்த்த நாளில் விலையும் ஏறுகிறது, விற்பனையும் கூடுகிறது. தேவை விதி இங்கே பொய்த்துவிடுகிறதா?

இல்லை. நல்ல கேள்வி, இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் புரிந்துவிடும். தேவை விதியின் (விலை ஏறினால் கேட்கும் அளவு குறையும்) முழு வாசகம் 'மற்றவை மாறாதிருக்க' என்று தொடங்குகிறது. முகூர்த்த நாளில் மற்றவை மாறிவிட்டன. எந்த விலையிலும் முன்னைவிட அதிகப் பூ கேட்கிறார்கள், அதனால் தேவைக் கோடே வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. சாதாரண நாளின் புள்ளியையும் முகூர்த்த நாளின் புள்ளியையும் இணைத்தால் கிடைப்பது தேவைக் கோடு அல்ல, அளிப்புக் கோடு. நகராத கோட்டின் மேல்தான் இரு புள்ளிகளும் உட்கார்ந்திருக்கின்றன.

இதற்கு மாறாக, மார்கழிப் பனியில் மொட்டு குறைந்து வரத்து சரியும்போது பாருங்கள். கேட்பவர்கள் அதே ஆட்கள், பூ மட்டும் குறைவு. விலை ஏறும், விற்ற அளவு குறையும். இப்போது நகர்ந்தது அளிப்பு, புள்ளிகள் கிடப்பது தேவைக் கோட்டின் மேல். (அந்தச் சமயத்தில் திருமணம், திருவிழா குறுக்கே வந்தால் இரண்டு கோடும் நகரும். அப்போது இரு புள்ளிகளை வைத்து எதையும் சொல்ல முடியாது.) விலைப் பட்டியலும் விற்பனைப் பட்டியலும் கிடைத்ததும் நெகிழ்ச்சி கணக்கிட உட்காராதீர்கள். எந்தக் கோடு நகர்ந்தது என்று முதலில் கேளுங்கள்.

எழுதும்போதும் கவனம் வேண்டும். விலை ஏறியதால் 'தேவை குறைந்தது' என்று எழுதினால் கோடு நகர்ந்ததாகப் பொருள். 'கேட்கும் அளவு குறைந்தது' அல்லது 'தேவைச் சுருக்கம்' என்று எழுதுங்கள்.

கேள்வி: நான் இலங்கையில் உயர்தரம் படிக்கிறேன். இங்கே கேள்வி, நிரம்பல் என்கிறோம். நீங்கள் சொல்லும் தேவை, அளிப்பு அவைதானா?

ஆம். உங்கள் 'கேள்வி' தமிழ்நாட்டுப் பாடநூலின் 'தேவை', உங்கள் 'நிரம்பல்' இங்கே 'அளிப்பு'. சூத்திரங்களில் வேறுபாடு இல்லை. தேர்வில் உங்கள் பாடநூல் சொல்லையே எழுதுங்கள்.

கேள்வி: 2023-இல் தக்காளி விலை 100-ஐத் தாண்டியபோது அரசு ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றதே, அது உச்சவரம்பு விலைதானே?

அல்ல. உச்சவரம்பு என்றால் அதற்கு மேல் யாரும் விற்கக்கூடாது என்ற சட்டத் தடை. அன்று அரசு கொள்முதல் செய்து குறைந்த விலையில் குறிப்பிட்ட அளவு கொடுத்தது, வெளிச்சந்தையில் விலை தன்போக்கில் இருந்தது. உச்சவரம்புக்குப் பொருத்தமான உதாரணம், தமிழ்நாட்டில் 2019 வரை நடப்பில் இருந்த 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 'நியாய வாடகை'.

நம் சந்தையில் 20 ரூபாய் உச்சவரம்பு வைத்தால் கேட்கும் அளவு 80, வரும் அளவு 30. பற்றாக்குறை 50 டன். இங்கே பலர் 60 − 30 = 30 என்று எழுதிவிடுகிறார்கள். விலை குறைந்ததும் கேட்பவர்கள் கூடியதை மறந்துவிடுகிறார்கள். வந்த 30 டன்னுக்கு வாங்குவோர் கொடுக்கத் தயாராக இருக்கும் விலை 60 − 15 = 45. வரிசையும் கள்ளவிற்பனையும் முளைப்பது 20-க்கும் 45-க்கும் இடையில் உள்ள அந்த இடைவெளியில்தான்.

கேள்வி: விற்பவரிடம்தான் வரி வாங்குகிறார்கள். அப்படியிருக்க வாங்குபவர் தலையில் எப்படி விழுகிறது? யாருக்கு எவ்வளவு என்று கணக்கிடுவது எப்படி?

காய்கறிக்கு ஜிஎஸ்டி இல்லை. கணக்குக்காகக் கிலோவுக்கு 5 ரூபாய் வரி என்று வையுங்கள்.

வாங்குபவர் கொடுப்பது 'விலை' என்றால் விற்பவர் கையில் நிற்பது 'விலை − 5'. அளிப்புச் சமன்பாட்டில் மட்டும் விலை இருக்கும் இடத்தில் இதைப் போடுங்கள்: 120 − 2 × விலை = 3 × (விலை − 5) − 30. விரித்தால் 165 = 5 × விலை. வாங்குபவர் கொடுப்பது 33, விற்பவருக்குச் சேர்வது 28, அளவு 54 டன். ஐந்தில் 3 ரூபாய் வாங்குபவருக்கு, 2 ரூபாய் விற்பவருக்கு. வரியை வாங்குபவரிடமே வசூலித்தாலும் இதே விடை வரும், ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

3-க்கு 2 எங்கிருந்து வந்தது? சமநிலையில் தேவை நெகிழ்ச்சி 1 (குறியை விட்டுவிடலாம்), அளிப்பு நெகிழ்ச்சி 3 × 30 ÷ 60 = 1.5. வாங்குபவர் பங்கு = 1.5 ÷ (1 + 1.5) = 0.6. எவரால் எளிதில் விலகிப்போக முடியவில்லையோ அவர் தலையில்தான் சுமை அதிகம்.

இப்போது அலகு. அரசின் வருவாய் 5 × 54 = 270. என்ன 270? ரூபாய்/கிலோவை டன்னால் பெருக்கியிருக்கிறோம், ஒரு டன் 1000 கிலோ. ஆக 2,70,000 ரூபாய். வெறும் 270 என்று விட்டால் விடை ஆயிரம் மடங்கு தவறு. ஒவ்வொரு வரியிலும் எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதும் பழக்கம் கட்டாயம் வேண்டும்.

யாருக்கும் சேராமல் போகும் இழப்பு ஒரு முக்கோணம்: ½ × 5 × (60 − 54) = 15, அதாவது நாளொன்றுக்கு 15,000 ரூபாய். வரியை 10 ஆக்கினால் அளவு 48, இழப்பு ½ × 10 × 12 = 60. வரி இரட்டிப்பு, இழப்பு நான்கு மடங்கு. நேர்கோடுகளில் இழப்பு வரியின் வர்க்கத்தோடு வளரும்.

கேள்வி: இறுதிநிலைச் செலவு ஏறத் தொடங்கினால் சராசரிச் செலவும் ஏறத் தொடங்கும் என்று எழுதினேன். தவறு என்கிறார்கள்.

தவறுதான். இறுதிநிலைச் செலவு என்பது இன்னும் ஒரு அலகு செய்ய ஆகும் கூடுதல் செலவு. சராசரி கவனிப்பது இறுதிநிலை தன்னைவிடக் கீழா, மேலா என்பதை மட்டும். ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை அல்ல. ஒரு பேட்ஸ்மேன் 10 இன்னிங்ஸில் 400 ரன், சராசரி 40. அடுத்த இன்னிங்ஸில் 80, அதற்கடுத்து 60. இறுதிநிலை 80-இலிருந்து 60-க்கு இறங்கியது, சராசரியோ 43.6, பிறகு 45 என்று ஏறியது.

செலவில் பாருங்கள். வீட்டிலேயே முறுக்குப் போட்டு விற்கும் ஒருவர். இடத்துக்கும் அடுப்புக்கும் நாள் வாடகை 200 ரூபாய். அடுப்பு ஒன்றுதான், ஆகவே பாக்கெட் கூடக்கூட நேரமும் கூலியும் கூடுகின்றன.

மொத்தச் செலவு = 200 + 4 × பாக்கெட் + ½ × பாக்கெட்²
இறுதிநிலைச் செலவு = 4 + பாக்கெட்
சராசரிச் செலவு = 200 ÷ பாக்கெட் + 4 + ½ × பாக்கெட்

10 பாக்கெட்டில் இறுதிநிலை 14, சராசரி 29. 15-இல் இறுதிநிலை 19, சராசரி 24.8. இறுதிநிலை ஏறிக்கொண்டே போக, சராசரி இறங்குகிறது. 20 பாக்கெட்டில் இரண்டும் 24. அங்கேதான் சராசரி அதன் அடிமட்டத்தைத் தொடுகிறது.

கேள்வி: அதே முறுக்குக் கணக்கில் சந்தை விலை 19 ஆகிவிட்டால் தொழிலை மூடிவிடலாமா?

குறுகிய காலத்தில் மூடக்கூடாது. விலை = இறுதிநிலைச் செலவு என்று வைத்தால் 15 பாக்கெட். வருவாய் 285, செலவு 372.50, நட்டம் 87.50. மூடினால் வருவாய் சுழி, ஆனால் 200 ரூபாய் வாடகை நிற்கிறது. 87.50 இழப்பது மேல். ஒப்பிட வேண்டியது சராசரி மாறும் செலவோடு (வாடகையை விட்டுவிட்டு ஒரு பாக்கெட்டுக்கு ஆகும் செலவு), 15 பாக்கெட்டில் அது 11.50. விலை சராசரி மாறும் செலவின் அடிமட்டத்துக்கு (இங்கே 4 ரூபாய்) மேல் இருக்கும்வரை அடுப்பு எரியலாம். சராசரிச் செலவின் அடிமட்டமான 24 ரூபாயை விலை எட்டுகிறதா என்ற கேள்வி வாடகை ஒப்பந்தம் முடியும் நாளில்தான் வரும்.

கேள்வி: லக்ராஞ்சி பெருக்கி என்றால் என்ன? விடையில் வருகிறது, அதற்கு அர்த்தமே தெரியவில்லை.

கையில் 120 ரூபாய். இட்லி 10, காபி 20. பயன்பாடு = இட்லி × காபி என்று கொள்வோம். இட்லியின் இறுதிநிலைப் பயன்பாடு காபியின் எண்ணிக்கை, காபியினுடையது இட்லியின் எண்ணிக்கை. நிபந்தனை, ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் இறுதிநிலைப் பயன்பாடு இரண்டிலும் சமமாக வேண்டும்: காபி ÷ 10 = இட்லி ÷ 20, அதாவது இட்லி காபியைப் போல இரு மடங்கு. வரவு செலவுக் கோட்டில் போட்டால் 6 இட்லி, 3 காபி, பயன்பாடு 18. பக்கத்தில் இருப்பதைச் சரிபாருங்கள்: 8 இட்லி 2 காபியும் 16, 4 இட்லி 4 காபியும் 16.

பெருக்கியின் மதிப்பு 3 ÷ 10 = 0.3. இன்னும் ஒரு ரூபாய் கிடைத்தால் பயன்பாடு எவ்வளவு கூடும் என்பதே அது. 121 ரூபாய்க்குப் போட்டால் 6.05 × 3.025 = 18.30. சரியாக வருகிறது.

ஒரு எச்சரிக்கை. இரு பொருளும் ஒன்றுக்கொன்று முழு மாற்று என்றால் (பயன்பாடு = இரண்டின் கூட்டல்) இந்த நிபந்தனை பொதுவாக நிறைவேறாது. மலிவானதையே முழுக்க வாங்குவார், விடை ஓர் அச்சின் மேல் விழும்.

கேள்வி: நுகர்வோர் உபரிக்கு ½ × அடி × உயரம் போட்டேன். விடை பொருந்தவில்லை. விலை = 36 − அளவு², அளவு 3.

நுகர்வோர் உபரி என்பது கொடுக்கத் தயாராக இருந்த தொகைக்கும் கொடுத்த பணத்துக்கும் உள்ள வேறுபாடு. இங்கே இருப்பது வளைகோடு, முக்கோணம் இல்லை. 3 அலகில் விலை 27. 0 முதல் 3 வரை தொகையிட்டால் 108 − 9 = 99. கொடுத்த பணம் 27 × 3 = 81. உபரி 18. உங்கள் முறையில் 13.5 வந்திருக்கும். கோடு வெளிப்பக்கம் வளைந்திருப்பதால் முக்கோணம் குறைத்துக் காட்டுகிறது.

கேள்வி: முற்றுரிமையாளர் (சந்தையில் ஒரே விற்பனையாளர்) விலை காண்பதில் எங்கே தவறுவோம்?

கடைசிப் படியில். விலை = 60 − ½ × அளவு என்றால் இறுதிநிலை வருவாய் = 60 − அளவு. இறுதிநிலைச் செலவு 20 என்றால், இரண்டையும் சமப்படுத்த அளவு 40. அங்கேயே 20-ஐ விலையாக எழுதிவிடுகிறார்கள். 40-ஐத் தேவைச் சமன்பாட்டில் போட வேண்டும். விலை 40.

கேள்வி: சொந்தக் கடை வைத்திருக்கிறேன். கணக்குப்படி ஆண்டு லாபம் 4 லட்சம். பொருளியல்படி லாபமே இல்லை என்கிறான் என் மகன். எப்படி?

அவர் வாய்ப்புச் செலவைச் சொல்கிறார், அதாவது கடைக்காக நீங்கள் கைவிட்ட வருமானத்தை. போட்டிருக்கும் முதல் 10 லட்சம், வைப்பு நிதியில் 7 சதவீதம் கிடைக்கும் என்றால் 70,000. வேறு இடத்தில் மாதம் 25,000 சம்பளத்துக்குப் போக முடியும் என்றால் ஆண்டுக்கு 3 லட்சம். மீதி 30,000. கட்டடமும் உங்களுடையது, வாடகைக்கு விட்டால் மாதம் 8,000 வரும் என்றால் 96,000. இப்போது −66,000.

உங்கள் சொந்த எண்களைப் போடுங்கள். கிடைக்க முடியாத சம்பளத்தைச் சேர்க்காதீர்கள், அந்த வயதில், அந்த ஊரில் உண்மையில் கிடைக்கும் வேலைதான் கணக்கு. ஏற்கெனவே செலவழித்துத் திரும்பாத பணத்தை, உதாரணமாகக் கடைக்குள் அடித்த வண்ணத்தை, இதில் சேர்க்கக்கூடாது. கடையை நடத்தினாலும் மூடினாலும் அந்தப் பணம் போனதுதான்.