சர்க்கரை, பிரஷர் இல்லை, எடை மட்டும்தான் அதிகம்: கொரோனா வந்தால் ஆபத்தா?

கேள்வி: எனக்கு வயது 38. உயரம் 168 செ.மீ., எடை 96 கிலோ. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. குண்டாக இருப்பவர்களைக் கொரோனா அதிகம் பாதிக்கும் என்கிறார்கள். வேறு நோயே இல்லாத எனக்கும் அது பொருந்துமா? பட்டினி கிடந்தாவது எடையைக் குறைத்துவிடலாமா?

பதில்: பொருந்தும். உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண்) 34. முப்பதைத் தாண்டினாலே அது உடல் பருமன்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், வயது இவற்றின் பங்கைக் கழித்துப் பார்த்த ஆய்வுகளிலும் எடை தனியாகவே ஆபத்தைக் கூட்டுவது தெரிந்தது. 2021இல் இங்கிலாந்தில் சுமார் 69 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார்கள். பிஎம்ஐ 23ஐத் தாண்டியதுமே, மருத்துவமனையில் சேரவேண்டிய நிலை படிப்படியாகக் கூடியது. நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களிடம் எடையின் பாதிப்பு இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. இதைப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வயதில் மொத்த ஆபத்தே குறைவு; அந்தக் குறைவான ஆபத்து கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான்.

ஏன் கூடுகிறது? மல்லாந்து படுத்துப் பாருங்கள். வயிற்றிலுள்ள கொழுப்பு, நுரையீரலுக்கு அடியில் இருக்கும் உதரவிதானம் என்ற மூச்சுத் தசையை மேலே தள்ளும். நுரையீரலின் அடிப்பகுதி முழுதாக விரியாது. நல்ல நாளிலேயே இப்படி என்றால், நிமோனியா வந்த நுரையீரலுக்கு இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிகளைக் குப்புறப் படுக்க வைத்ததற்கு ஒரு காரணம், முதுகுப் பக்க நுரையீரலுக்குக் காற்று போகட்டும் என்பதுதான். அப்புறம், கொழுப்பு சும்மா கிடக்கும் சரக்கு இல்லை. குறிப்பாக வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு, அழற்சியை (உடலுக்குள் ஏற்படும் வீக்கத்தை) தூண்டும் பொருள்களை எந்நேரமும் சுரந்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே புகைந்துகொண்டிருக்கும் அடுப்பில் வைரஸ் வந்து எண்ணெய் ஊற்றுகிறது. ரத்தம் உறையும் போக்கும் குண்டாக இருப்பவர்களுக்கு அதிகம். கொரோனாவும் அதையே செய்யும்.

பட்டினி வேண்டவே வேண்டாம். காய்ச்சல் நேரத்தில் பட்டினி கிடந்தால் தசைதான் கரையும். எடையைக் குறைப்பது மாதக்கணக்கில் செய்யவேண்டிய வேலை. இப்போதைக்குக் கைமேல் பலன் தருவது தடுப்பூசி. எடை கூடியவர்களுக்கும் அது நோய் முற்றாமல் நன்றாகவே காக்கிறது. மிக அதிகப் பருமன் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பு சற்றுச் சீக்கிரம் குறையலாம் என்பதால், உங்களுக்கு பூஸ்டர் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மேற்கை தடிமனாக இருந்தால் நீளமான ஊசி தேவைப்படலாம். மருந்து தசைக்குள் போகவேண்டும், கொழுப்போடு நின்றுவிடக்கூடாது.

ஒரு சந்தேகம்: சர்க்கரை இல்லை என்கிறீர்களே, கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இந்த எடையில் தெரியாமலே சர்க்கரை இருப்பவர்கள் ஏராளம். ஒருமுறை எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) செய்துவிடுங்கள். பலமான குறட்டை, பகலில் தூக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கொரோனா உறுதியானால், 'சரி, ரெண்டு நாள் பார்ப்போம்' என்று இருக்காதீர்கள். நிர்மட்ரெல்விர்-ரிட்டோனாவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை அறிகுறி தொடங்கிய 5 நாள்களுக்குள் ஆரம்பிக்கவேண்டும். கொலஸ்ட்ரால் மாத்திரைகள் சிலவற்றோடு அது ஒத்துப்போகாது. நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் கருவி) வைத்துக்கொள்ளுங்கள். விரல் சில்லென்று இருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அளவு தப்பாகக் காட்டும். மாநிறம், கறுப்பு நிறத் தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவும் காட்டலாம். அதனால் ஒரே ஒரு எண்ணை நம்பாமல், காலை மாலை பார்த்து இறங்குகிறதா என்று கவனியுங்கள். அறைக்குள்ளேயே சில நிமிடம் நடந்தபிறகு 3 புள்ளி குறைந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே 94க்குக் கீழே போனாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு அழுத்தினாலோ, குழப்பமாகப் பேசினாலோ நேராக மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.