மூன்று மாதம் பொறுக்கலாமா?

கேள்வி: சோழிங்கநல்லூரில் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருக்கிறேன். 4 வருடம் 7 மாதம் ஆகிறது. புதுக் கம்பெனி 40 சதவீதம் கூடத் தருகிறது. 30 நாளில் வரச் சொல்கிறார்கள். இங்கே நோட்டீஸ் 90 நாள். மீதி நோட்டீஸ் நாளுக்கான காசைக் கட்டிவிட்டுக் கிளம்பிவிடவா, அண்ணா?
– வாசகி, மேடவாக்கம்

பதில்: கொஞ்சம் பொறும்மா. கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடைக்கு, முழுசாக ஐந்து வருடம் வேண்டியதில்லை. ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் சட்டப்படி 190 நாள். இப்போதே கிளம்பினால் அந்த நாள் கணக்கு இடிக்கலாம், 90 நாளும் இருந்தால் தாண்டிவிடுவாய். வேலை பார்த்த வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளக் கணக்கில் வரும் பணம், விடுவானேன்? கிராஜுவிட்டி கிடைக்குமா என்று எச்.ஆரிடம் மெயிலிலேயே கேள், வாய்ப்பேச்சு நிற்காது. பி.எஃப். பணத்தை எடுக்காதே, புதுக் கணக்குக்கு மாற்று. அப்புறம், அந்த 40 சதவீதத்தில் வேரியபிள், அதாவது வேலையைப் பார்த்துக் கூடக்குறையத் தரும் பங்கு, எவ்வளவு என்று பார்த்தாயா?