இருக்கை நடுங்கினால் எந்த எண்ணைத் தொடுவது? வீட்டு மோஷன் சிமுலேட்டருக்கான மோட்டார் அமைப்புகள்

கேள்வி: பழைய கார்ப் பாகங்கள் விற்கும் ஹாஃப்-கட் கடையில் வாங்கிய இரண்டு வைப்பர் மோட்டார்களைக் கொண்டு, கார் விளையாட்டின் அசைவுக்கு ஏற்ப முன்பின்னும் பக்கவாட்டிலும் சாயும் சிமுலேட்டர் இருக்கை ஒன்றைச் செய்திருக்கிறேன். அர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் எஸ்எம்சி3 நிரல், மோட்டார்களுக்கு மின்சாரம் செலுத்தும் இரண்டு ஐபிடி-2 டிரைவர் பலகைகள், 12 வோல்ட் பவர் சப்ளை. காரை ஓட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலே இருக்கை நடுங்குகிறது. செப்பாங் தடத்தின் கடைசி வளைவில் பலமாகப் பிரேக் பிடித்தால், சில வேளைகளில் பவர் சப்ளையே அணைந்துவிடுகிறது. வேறொருவர் பயன்படுத்தும் எண்களை அப்படியே போட்டுப் பார்த்தும் பயனில்லை. எந்த அமைப்பை மாற்ற வேண்டும்? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். நடுக்கம் பெரும்பாலும் அமைப்புகளிலோ உணரியிலோ இருக்கிறது. பவர் சப்ளை அணைவது மின்சுற்றைச் சேர்ந்த விஷயம். இரண்டையும் ஒரே எண்ணால் தீர்க்க முடியாது. இன்னொருவரின் எண்களும் உங்களுக்குப் பொருந்தா, ஏனெனில் அவை அவருடைய மோட்டாரின் கியர் விகிதம், மோட்டார்த் தண்டில் பொருத்திய கிராங்க் கையின் நீளம், இருக்கையோடு சேர்ந்த அவர் உடல் எடை, அவர் இணைப்புகளில் உள்ள தளர்வு ஆகிய அனைத்துக்கும் சேர்த்துக் கிடைத்த விடைகள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் சர்வோ டிரைவ் கையாளும் வாசகர்கள் "ஆட்டோ டியூன் பொத்தானை அழுத்தினால் போதுமே" என்பார்கள். எண்களைத் தானே கணிக்கும் அந்த வசதி நம் கையில் இல்லாததால் அந்த வேலையைக் கண்ணாலும் கையாலும் செய்தாக வேண்டும்.

எண்களைத் தொடுவதற்கு முன் மோட்டாருக்கான மின்சாரத்தை நிறுத்திவிட்டு, யூஎஸ்பி இணைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, எஸ்எம்சி3யின் கணினித் திரையில் நிலைக்கோட்டைப் பாருங்கள். மோட்டாரின் நிலையைச் சொல்லும் உணரியான பொட்டென்ஷியோமீட்டரின் மின்னழுத்தத்தை அர்டுயினோ ஊனோ 0 முதல் 1023 வரையான படிகளாகப் படிக்கிறது. 270 டிகிரி சுழலும் பொட்டென்ஷியோமீட்டர் என்றால் ஒரு படி ஏறக்குறைய கால் டிகிரி. யாரும் தொடாதபோதே அந்த அளவு ஐந்தாறு படிகள் மேலும் கீழும் தாவினால், நடுக்கத்தின் மூலம் அங்கேதான் இருக்கிறது. உணரிக் கம்பிகளை மோட்டார்க் கம்பிகளிலிருந்து பிரித்துக் கொண்டுவாருங்கள். கவசக் கம்பி பயன்படுத்தி, அதன் கவசத்தை அர்டுயினோ பக்கம் மட்டும் கிரவுண்டில் இணையுங்கள். பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில், அர்டுயினோவுக்கு அருகே, 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவையுங்கள். அளவு அசையாமல் நிற்கிறதா? அப்படியானால் இருக்கையை இரு கைகளாலும் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். இருக்கை அசைந்தும் திரையில் கோடு அசையவில்லை என்றால், கிராங்க் கையிலோ பந்து மூட்டிலோ பொட்டென்ஷியோமீட்டர் தாங்கியிலோ தளர்வு உள்ளது. தளர்வு இருக்கும்வரை மோட்டார் இலக்கைத் தாண்டிச் சென்று திரும்பிக்கொண்டே இருக்கும். எந்த எண்ணாலும் அதை அடக்க முடியாது.

அடுத்தது பாதுகாப்பு. மோட்டாருக்குச் செல்லும் 12 வோல்ட் கம்பியை நேரடியாகத் துண்டிக்கும் அவசர நிறுத்தப் பொத்தான் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அர்டுயினோவை மட்டும் அணைப்பது போதாது. எஸ்எம்சி3யில் இலக்கைக் குறுக்கும் எல்லை ஒன்றும், அதைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்தும் எல்லை ஒன்றும் உள்ளன. இரண்டையும் இருக்கை எங்கும் இடிக்காத அளவுக்கு உள்ளே தள்ளி வையுங்கள். முதல் சோதனையில் யாரும் உட்கார வேண்டாம். 10 கிலோ அரிசி மூட்டைகளை இருக்கையில் அடுக்கிக் கட்டினால் உங்கள் எடைக்கு நெருங்கிய சுமை கிடைத்துவிடும். மோட்டார் இலக்கை நோக்கி வராமல் எல்லையை நோக்கி ஓடினால், மோட்டாரின் இரு கம்பிகளையும் இடம் மாற்றுங்கள்.

இனி எண்கள். இலக்கிலிருந்து விலகிய அளவுக்கு ஏற்ப மோட்டாரைத் தள்ளுவது கேபி, நீடிக்கும் விலகலைச் சேர்த்துவைத்துச் சரிசெய்வது கேஐ, மாற்றத்தின் வேகத்தைப் பார்த்து அடக்குவது கேடி. மின்சாரத்தைத் துடிப்புகளாக விட்டு மோட்டாரின் வலுவைக் கட்டுப்படுத்தும் முறை பிடபிள்யூஎம். கேஐ, கேடி இரண்டையும் சுழியாக்குங்கள். பிடபிள்யூஎம் உச்சத்தை அதன் முழு அளவில் பாதியைவிடக் குறைவாக வையுங்கள். அடுத்ததாகப் பிடபிள்யூஎம் குறைந்தபட்சத்தைச் சுழியாக்கிவிட்டு ஒரு நிமிடம் கவனியுங்கள். உங்கள் நடுக்கத்தில் பாதி அங்கேயே நின்றுவிட்டால் எனக்கு வியப்பில்லை. உராய்வை வெல்ல மோட்டாருக்கு ஓர் ஆரம்பத் தள்ளல் கொடுப்பதற்காக வைத்த எண் அது. பலர் அதை மிக உயர்த்திவிடுகிறார்கள். அப்போது ஒரு படி விலகலுக்கே மோட்டார் பெரிய தள்ளல் பெற்று மறுபக்கம் போகிறது. அங்கிருந்து மீண்டும் தள்ளப்படுகிறது. மோட்டார் மெதுவாக நகரத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்றுக் கீழே அதை நிறுத்துங்கள்.

பிறகு இரு நிலைகளுக்கிடையே சட்டெனத் தாவும் சதுர அலையைச் சோதனை இலக்காகக் கொடுத்து, கேபியைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இலக்குக் கோடு தாவியதும் உண்மைக் கோடு விரைந்து சென்று, ஓரிரு முறை தாண்டி ஆடி அடங்கும் இடம் வரும். அடங்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் கேபியை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். இப்போது கேடியை ஏற்றினால் தாண்டல் குறையும். ஒரு கட்டத்துக்கு மேல் மோட்டாரிலிருந்து கரகரப்பு கேட்கும். உணரியின் இரைச்சலைக் கேடி பெருக்குவதன் அடையாளம் அது. அவ்விடத்திலிருந்து பின்வாங்குங்கள், அல்லது கேடி கணக்கிடும் இடைவெளியை நீட்டும் கேஎஸ் எண்ணை ஒரு படி கூட்டிப் பாருங்கள். கேஐ கடைசி. ஓட்டத்தில் இலக்கு நொடிக்கு நொடி மாறுவதால் கேஐக்கு அதிக வேலை கிடையாது. ஒருபக்கம் தொங்கும் இருக்கையைத் தூக்கி நிறுத்தக் கேஐயை நம்புகிறவர்கள் உண்டு. அந்த எடையைத் தாங்க வலுவான ஸ்பிரிங் ஒன்றைப் பொருத்துவதே சரியான வழி, மோட்டாரும் சூடேறாது. இவை அமைந்த பிறகு பிடபிள்யூஎம் உச்சத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் தாண்டலைப் பாருங்கள்.

கேபியைக் கூட்டியும் உண்மைக் கோடு ஒரே சாய்வில்தான் ஏறுகிறது என்றால், மோட்டார் தன் முழு வலுவையும் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே கிராங்க் கையைக் குட்டையாக்க வேண்டும். 80 மில்லிமீட்டரை 40 ஆக்கினால் தூக்கும் விசை இரட்டிப்பாகும். அசைவின் அளவும் வேகமும் பாதியாகும். என் கருத்தில் பெரிய, சோம்பலான அசைவைவிடச் சிறிய, சுறுசுறுப்பான அசைவே உடலுக்கு உண்மையாகத் தோன்றும்.

பவர் சப்ளை அணைவதற்கு முதலில் நான் சந்தேகிப்பது உங்கள் வைப்பர் மோட்டார்களின் உலோக உடலை. பல வைப்பர் மோட்டார்களில், சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ்களில் ஒன்று மோட்டாரின் உடலோடு இணைந்திருக்கும், ஏனெனில் காரில் உடற்பகுதியே எதிர்முனை. திசை மாற்றி ஓட்டும் டிரைவரில் அதே உடல் சில நேரம் 12 வோல்ட்டில் இருக்கும். இத்தகைய இரண்டு மோட்டார்களை ஒரே இரும்புச் சட்டத்தில் பொருத்தினால், அவை எதிரெதிர்த் திசையில் இயங்கும் கணத்தில் சட்டத்தின் வழியே ஷார்ட் ஏற்படும். மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, மோட்டார்க் கம்பிக்கும் உடலுக்கும் இடையே சோதியுங்கள். ஒலித்தால், மோட்டாரைத் திறந்து அந்த பிரஷ்ஷுக்குத் தனிக் கம்பி கொடுக்க வேண்டும், அல்லது மோட்டாரையும் அதன் தண்டோடு இணையும் உலோகப் பாகங்களையும் சட்டத்திலிருந்து முழுமையாகக் காப்பிட வேண்டும். கையோடு, மெதுவேக பிரஷ்ஷைத்தான் இணைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அதிவேக பிரஷ் இடம் விலகி அமைந்திருப்பதால் இரு திசைகளிலும் ஒரே வலு கிடைக்காது.

அந்தச் சோதனை சரியாக இருந்தால் பவர் சப்ளையின் மின்னழுத்தத்தைப் பாருங்கள். முழு வேகத்தில் சுழலும் மோட்டாரை நேர் எதிராகத் திருப்பும்போது, மின்னோட்டம் மோட்டார் சிக்கி நிற்கும்போது இழுப்பதைப் போல இரு மடங்கை நெருங்கலாம். வேகம் தணியும் கணத்தில் மோட்டாரே மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் செய்யும். அணைவதற்குச் சற்று முன் அழுத்தம் சரிந்தால் பவர் சப்ளைக்குச் சுமை மிகுதி. உயர்ந்தால் திரும்பி வரும் மின்சாரத்தை அதன் காப்புச் சுற்று தாங்கவில்லை. முதல் நிலைக்குப் பெரிய பவர் சப்ளை தேவை, இரண்டாவதற்கு அந்த மின்சாரத்தை எரித்துத் தீர்க்கும் பிரேக் மின்தடை தேவை. இரண்டுக்குமே பிடபிள்யூஎம் உச்சத்தைக் குறைப்பது உடனடி நிவாரணம். ஐபிடி-2வை விற்பவர்கள் சொல்லும் 43 ஆம்பியர் அதன் சில்லுக்கு உரிய வரம்பு. அந்தச் சிறிய வெப்பத் தகடு அதைத் தொடர்ந்து தாங்காது.

அடுக்குமாடியில் இருப்பவர் என்றால் கீச்சென்ற ஒலியும் ஒரு தொல்லை. ஊனோவின் இயல்பான பிடபிள்யூஎம் அதிர்வெண், பலகையின் எந்த இணைப்பு ஊசி (பின்) என்பதற்கு ஏற்ப, ஏறக்குறைய 490 அல்லது 980 ஹெர்ட்ஸ். இரண்டும் காதுக்கு நன்றாகக் கேட்கும். நிரலில் அதை 20 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு உயர்த்தினால் ஒலி அடங்கும். ஐபிடி-2 அந்த வேகத்தைத் தாங்கும், ஆனால் கூடுதலாகச் சூடேறும் என்பதால் சிறு விசிறி ஒன்று வையுங்கள்.

விளையாட்டிலிருந்து வரும் அசைவு கரடுமுரடாக இருந்தால் அதை, விளையாட்டின் அசைவை இருக்கைக்கு அனுப்பும் சிம்டூல்ஸ் மென்பொருளின் மென்மையாக்கலில் சரிசெய்யுங்கள், கேபியைக் குறைத்து அல்ல. மென்மையாக்கலை மிகுத்தால் பிரேக் மிதித்த பிறகே இருக்கை சாயும். சிலருக்கு அந்தத் தாமதமே குமட்டலைத் தருகிறது. எண்கள் அமைந்ததும் அவற்றை அர்டுயினோவில் சேமிக்கும் பொத்தானை அழுத்த மறக்காதீர்கள், இல்லையெனில் அடுத்த முறை பழைய எண்களே திரும்பிவரும். பிறகு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, மின்சாரத்தை நிறுத்தி, மோட்டார்களைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால் பிடபிள்யூஎம் உச்சத்தைக் குறையுங்கள், அல்லது ஸ்பிரிங்கை இன்னும் வலுவாக்குங்கள்.