சென்னை வெள்ளம்: நீரியல் கேள்வி பதில்

கேள்வி: வேளச்சேரியில் எங்கள் தெருவில் புதிய மழைநீர் வடிகால் கட்டிய பிறகும் முழங்கால் அளவு நீர் நிற்பது ஏன்?

பதில்: அப்பகுதியின் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, தெற்கே முட்டுக்காட்டில்தான் கடலில் சேர்கிறது. சரிவு மிகக் குறைவு. கடல் ஏற்றத்தின்போது முகத்துவாரம் நீரை வாங்காததால், தேக்கம் பின்னோக்கித் தெரு வரை ஏறும். மழை விட்டதும் வடிகாலைப் பாருங்கள். தெருவில் நீர் நிற்க, உள்ளே காலியாக இருந்தால் சாலையோரத் துவாரம் குப்பையால் அடைபட்டிருக்கிறது. உள்ளே நிரம்பி அசையாமல் நின்றால் கோளாறு கீழ்ப்புறத்தில் இருக்கிறது. தெருவில் எவ்வளவு தூர் வாரினாலும் அது தீராது. நீரை இறக்குவதற்காகப் பாதாளச் சாக்கடை மூடியை மட்டும் திறக்காதீர்கள்.

கேள்வி: முடிச்சூரிலும் இதே நிலைதான். ஏன்?

பதில்: உங்கள் வெளிவாய், அதாவது வடிகால் நீர் போய்ச் சேரும் இடம், அடையாறு. கடல் ஏற்றம் அவ்வளவு தூரம் எட்டாது. ஆறு நிரம்பி ஓடும்போது உங்கள் நீரை வாங்காததால் தேக்கம் ஏறுகிறது. வடிகாலைப் பார்க்கும் முறை மேலே கூறியபடியே.

கேள்வி: மூடியைத் திறந்தால் நீர் விரைவில் வடிகிறதே?

பதில்: வடிந்த நீர் தாழ்வான வீட்டின் கழிவறை வழியாக மேலெழும். மூழ்கிய திறந்த குழி நடப்பவர் கண்ணுக்குத் தெரியாது. திறக்காதீர்கள்.

கேள்வி: வெள்ளத்தில் நின்ற காருக்குக் காப்பீடு கிடைக்குமா?

பதில்: காப்பீட்டு முகவரைக் கேளுங்கள்.

கேள்வி: 2015 வெள்ளம் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால் வந்ததுதானே?

பதில்: ஒரு பகுதி உண்மை. டிசம்பர் 1 அன்று நொடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. ஆனால் தாம்பரத்தில் மறுநாள் காலை வரை 49 செ.மீ. மழை பதிவானதையும், ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் இறங்கியதையும் விட்டுவிட்டு மதகை மட்டும் குற்றவாளியாக்க முடியாது.

மறுப்பு: தணிக்கைத் துறையே இதை மனிதத் தவறு என்றதே. அதிகாரிகளுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா?

பதில்: இல்லை. 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட அந்த அறிக்கை, ஏரி முழுக் கொள்ளளவான 3,645 மில்லியன் கன அடியை எட்டும் முன்பே அளவுக்கு மீறித் திறந்ததைக் கண்டித்தது. அது சரியான கண்டனமே. ஆனால், ஏரியின் உபரிநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் கலக்கிறது. அதற்கு மேற்புறத்தில் இருக்கும் முடிச்சூர் மூழ்கியதை எந்த மதகைக் கொண்டு விளக்குவீர்கள்?

மறுப்பு: அப்படியானால் சைதாப்பேட்டை?

பதில்: அது கலக்கும் இடத்துக்குக் கீழ்ப்புறம். அங்கே உங்கள் வாதம் நிற்கும். ஆயினும் ஆற்றங்கரையின் வெள்ளப் பரப்பில் கட்டடம் எழுப்ப அனுமதித்தவர்களையும் அதே கூண்டில் ஏற்றுங்கள்.