மேலே மூன்று கலர், கீழே ஒரே வண்டி: விமான நிலையத்தில் சுற்றுச்சூழல் விழிப்புணர்வை எங்கே தொடங்குவது?

கேள்வி: சென்னை விமான நிலையத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை எடுத்திருக்கும் ஒப்பந்த நிறுவனத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மூன்று ஷிப்டிலும் சேர்த்து என் கீழ் 60 பேர். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தை ஒட்டி விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தும் பொறுப்பை எங்கள் நிர்வாகம் என்னிடம் கொடுத்திருக்கிறது. போன வருஷம் பேனர் கட்டினோம், உறுதிமொழி எடுத்தோம், மரக்கன்று நட்டோம். மறுநாளே எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. பெரிய பட்ஜெட் கிடையாது. பயணிகளும் கடைக்காரர்களும் எங்கள் ஆட்களும் உண்மையிலேயே மாற என்ன செய்யலாம்?
(மீனம்பாக்கம் வாசகர்)

பதில்: மறுநாள் என்ன ஆனது என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. இப்படி நிகழ்ச்சி நடத்துகிற பலரும் எத்தனை பேர் வந்தார்கள், போட்டோ எப்படி வந்தது என்பதோடு கணக்கை முடித்துவிடுவார்கள். நீங்கள் மறுநாளைப் பார்த்திருக்கிறீர்கள். வேலையை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

சில வருஷங்களுக்கு முன் வேறொரு ஊர் விமான நிலையத்தில் இதே பிரச்சினைக்காக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பாதுகாப்புச் சோதனைக்குச் சற்று முன்னால் மூன்று கலரில் மூன்று தொட்டிகள். பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பாதித் தண்ணீர் இருந்த பாட்டிலோடு ஒரு பெரியவர் வந்தார். தொட்டிகளை மாறி மாறிப் பார்த்தார். பின்னால் வரிசை நெருக்கியது. காய்ந்த குப்பைக்கான நீலத் தொட்டியில் பாட்டிலைப் போட்டுவிட்டு நகர்ந்தார். மூடி சரியாகத் திருகியிருக்கவில்லை. உள்ளே கிடந்த நாளிதழும் அட்டைப்பெட்டியும் ஊறிக் கூழாகிவிட்டன. காயலான் கடையில் காசாகியிருக்க வேண்டிய காகிதம், இனி யாருக்கும் வேண்டாத ஈரக் குப்பை. பை நிறைந்ததும் துப்புரவு செய்கிற அம்மா வந்தார். மூன்று பைகளையும் கட்டி ஒரே டிராலியில் ஏற்றினார். ஏன்மா என்று கேட்டேன். "மேலே மூணு கலர் சார், கீழே ஒரே வண்டிதான்" என்றார்.

பெரியவருக்குக் குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்று தெரியும். அந்த அம்மாவுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். தண்ணீரைக் கொட்ட அவருக்கு இடம் இல்லை, பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுபோக இவருக்கு வண்டி இல்லை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் எத்தனை பேனர் கட்டினாலும் ஒன்றும் நடக்காது. அதனால் ஜூன் 5க்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி, ஒரே ஒரு குப்பைப் பையின் பின்னாலேயே போங்கள். தொட்டியிலிருந்து டிராலி, டிராலியிலிருந்து லிஃப்ட், லிஃப்டிலிருந்து குப்பை சேர்க்கும் இடம், அங்கிருந்து லாரி. எந்த இடத்தில் மூன்றும் ஒன்றாகிறதோ அந்த இடத்தைச் சரிசெய்யாமல் பயணியிடம் எதுவும் கேட்காதீர்கள். குப்பையை உருவாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. ஆகவே தனித்தனி வண்டி கேட்டு நிர்வாகத்துக்கு எழுத உங்களுக்குச் சட்டமே துணை இருக்கிறது.

பாட்டிலுக்கு வழி ரொம்ப எளிது. சோதனை வரிசை தொடங்கும் இடத்தில் அகலமான புனல் வைத்த ஒரு கேன். "தண்ணீரை இங்கே கொட்டுங்கள், பாட்டில் உங்களோடு வரட்டும், உள்ளே மறுபடி நிரப்பிக்கொள்ளலாம்" என்று மேலே ஒரு வரி. காலி பாட்டிலைச் சோதனை தாண்டிக் கொண்டுபோகலாம் என்பது பல பயணிகளுக்குத் தெரியாது, அதனால்தான் தூக்கிப் போடுகிறார்கள். உள்ளே குடிநீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று அம்புக்குறியும் போட்டுவிடுங்கள். குழாய் தெரியாவிட்டால் கடையில் புதுப் பாட்டில்தான் வாங்குவார்கள். கேனைச் சோதனை வரிசைக்குப் பக்கத்தில் வைக்க மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை அதிகாரிகளிடம் முன்கூட்டியே பேசி அனுமதி வாங்க வேண்டும். அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

தொட்டியின் மேல் எழுத்தைவிடப் பொருளையே ஒட்டுவது நல்லது. நிஜமான காலி பாட்டில், நிஜமான போர்டிங் பாஸ், சாப்பாட்டு டப்பா. தமிழ், தெலுங்கு, இந்தி பேசுகிறவர்களும், மூன்று மணி நேரத் தூக்கத்தில் எழுந்து வந்தவர்களும் ஒரே நொடியில் புரிந்துகொள்வார்கள்.

அடுத்தது உங்கள் ஆட்கள். இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். விமான நிலையத்தில் எல்லோர் காதிலும் ஏறுகிற சொல் ஒன்று உண்டு: பாதுகாப்பு. சுற்றுச்சூழலைத் தனி உபதேசமாகச் சொன்னால் ஷிப்ட் பிரீஃபிங்கில் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பாதுகாப்போடு சேர்த்துச் சொன்னால் நின்று கேட்பார்கள்.

விமானங்கள் வந்து நிற்கும் தளமான ரேம்பில் வேலை பார்க்கும் யாரிடம் வேண்டுமானாலும் எஃப்.ஓ.டி. என்றால் என்ன என்று கேளுங்கள். தரையில் கிடக்கக் கூடாத பொருள் என்று உடனே சொல்வார். ஸ்க்ரூ, கல், பிளாஸ்டிக் கவர், பெட்டியிலிருந்து கழன்ற சக்கரம், எதுவானாலும் குனிந்து எடுத்துவிட வேண்டும். இது எவ்வளவு கடுமையான பாடம் என்பதற்கு 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் நடந்த கான்கார்டு விபத்தே போதும். முன்னால் போன விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்த ஒரு உலோகப் பட்டை, கான்கார்டின் டயரைக் கிழித்தது. டயர்த் துண்டு இறக்கையின் எரிபொருள் தொட்டிப் பக்கம் மோதித் தீப்பிடித்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 113 பேர் இறந்தார்கள். ரேம்பில் எல்லோரும் வரிசையாக நடந்து பொறுக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அப்படிப் பொறுக்கியதை ஜூன் 5 அன்று மட்டும் கொட்டிவிடாமல் ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி வையுங்கள். எது எங்கிருந்து வந்தது என்று அவர்களையே சொல்லவிடுங்கள். பெட்டிகளுக்குச் சுற்றுகிற பிளாஸ்டிக் ஃபிலிம் அதில் நிச்சயம் இருக்கும். அது காற்றில் பறந்து இன்ஜின் பக்கம் போகலாம், மழைநீர் வடிகாலையும் அடைக்கலாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம்.

வடிகால் என்றதும் நம் ஊர்க்காரருக்கு 2015 டிசம்பர் ஞாபகம் வரும். நம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது. அந்த வெள்ளத்தில் ஓடுபாதை முழுக்கத் தண்ணீர் நின்று, நிலையம் பல நாட்கள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூடினார்கள். அப்போது ஷிப்டில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாமல் இருந்தவர்கள் உங்கள் 60 பேரில் இருக்கக்கூடும். வெளியிலிருந்து பேச்சாளரைக் கூப்பிடுவதைவிட அவர்களில் ஒருவரைப் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். என்னைக் கூப்பிட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் பறவைகள். கொட்டிக் கிடக்கிற சாப்பாடு காக்கையையும் பருந்தையும் இழுக்கும். பறவை மோதினால் இன்ஜின் சேதமாகும். அதனால்தான் விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் விதமாகக் குப்பை கொட்டுவதையும் ஆடுமாடு அறுப்பதையும் 1937ஆம் ஆண்டின் விமான விதிகளே தடை செய்தன. 10 கிலோமீட்டர் என்றால் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், குரோம்பேட்டை எல்லாம் அதற்குள்தான். உங்கள் ஊழியர்களில் பாதிப் பேர் அங்கிருந்துதான் வருவார்கள் என்று நினைக்கிறேன். தெருமுனையில் கொட்டும் மீன் கழிவுக்கும் தாங்கள் துடைத்து வைக்கும் டெர்மினலுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று தெரியும்போது, அவர்கள் வீட்டில் போய்ப் பேசுவார்கள். உணவுக் கடைக்காரர்களிடமும் இதே கோணத்தில் பேசுங்கள். மூடி இல்லாத ஈரக் குப்பைத் தொட்டி சேவைப் பாதையில் நிற்பது சுகாதாரப் பிரச்சினை மட்டும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

விமானத்துக்குள் ஏறிச் சுத்தம் செய்கிறவர்கள் உங்களிடம் இருந்தால் இன்னொரு விஷயம். விமானம் நிறுத்துமிடத்தில் நிற்கும்போது வால்பக்கம் ஏ.பி.யூ. என்கிற சின்ன இன்ஜின் ஓடி மின்சாரமும் ஏசியும் கொடுக்கும். ஏ320 வகை விமானத்தில் அது ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 100 கிலோ எரிபொருள் குடிக்கும். ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் சுமார் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு. தரையிலிருந்து மின்சாரமும் குளிர்காற்றும் கொடுத்தால் இதை அணைத்து வைக்கலாம். ஆனால் கத்திரி வெயிலில் கேபின் சூடேறிவிடும் என்பதால் ஓடவிடுவார்கள். அதை ஓட்டுவதும் அணைப்பதும் உங்கள் ஆட்கள் கையில் இல்லை. ஜன்னல் மறைப்பை இறக்குவது அவர்கள் கையில் இருக்கிறது. பயணிகள் இறங்கியதும் வெயில் படும் பக்கத்து மறைப்புகளை முதலில் இறக்கிவிட்டு அப்புறம் சுத்தம் செய்யலாம். விமான நிறுவனம் சம்மதித்தால் இதை வேலை வரிசையிலேயே சேர்த்துவிடுங்கள். கேபின் சூடாவது குறையும், வேலை செய்கிறவர்களுக்கும் வியர்வை குறையும். தனக்கும் நல்லது என்று தெரிந்த பழக்கம்தான் ஜூன் 6க்கும் மிஞ்சும்.

ஒரு கேள்விக்குத் தயாராக இருங்கள். யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "விமானம் அவ்வளவு புகை விடுது, என் ஒரு பாட்டிலில் என்ன ஆகிவிடப் போகிறது?" இதற்கு மழுப்பக் கூடாது. உலகத்தின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் விமானப் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ 2.5 சதவீதம். பாட்டிலைப் பிரித்துப் போடுவதால் அது குறையாது. பாட்டில் என்பது குப்பைமேட்டையும் அடையாற்றையும் பற்றிய விஷயம். கார்பன் என்பது எரிபொருள், மின்சாரம், விமான நிலையத்துக்கு வந்துபோகும் வண்டிகள் பற்றிய விஷயம். இரண்டும் முக்கியம், ஆனால் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதைச் செய்ததாகச் சொல்லக் கூடாது. கார்பனுக்கு ஒரு விமான நிலையம் என்ன செய்ய முடியும் என்று கேட்டால் கொச்சியைச் சொல்லுங்கள். 2015 ஆகஸ்டிலிருந்து சூரிய மின்சாரத்தை வைத்தே தன் தேவையைச் சமாளிக்கும் நிலையம் அது. 2018இல் ஐக்கிய நாடுகள் சபையின் உயரிய சுற்றுச்சூழல் விருதும் பெற்றது. நம் பயணிகளிடம் மெட்ரோவைச் சொல்லலாம். 2016இலிருந்து மெட்ரோ வாசல்வரை வருகிறது, ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் திரிசூலம் ரயில் நிலையம் இருக்கிறது. நள்ளிரவு விமானத்துக்கு இரண்டும் உதவாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், அப்போதுதான் மற்றதை நம்புவார்கள்.

ஊழியர்களின் டீக்கு ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் உள்ள பொருட்களில் ஒன்று. நிகழ்ச்சியில் டீயை அந்தக் கப்பில் கொடுத்தால் பேசியதெல்லாம் போயிற்று. எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு தராசு வாங்குங்கள். விமான நிலையங்களுக்கான கார்பன் தரச்சான்றிதழில்கூட முதல் படி அளப்பதுதான், குறைப்பது அடுத்த படி. மே கடைசி வாரம் தினமும் ஈரக் குப்பை, காய்ந்த குப்பை, கலந்த குப்பை மூன்றையும் எடை போட்டு, ஊழியர்கள் கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு கரும்பலகையில் எழுதுங்கள். ஜூன் முழுக்கத் தொடருங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது ஒரே எண், கலந்த குப்பையின் எடை. அது இறங்கினால் எந்த ஷிப்ட் இறக்கியது என்று பெயரைச் சொல்லிப் பாராட்டுங்கள். ஏறினால் யாரையும் திட்டாதீர்கள், மறுபடி ஒரு பையின் பின்னால் நடந்து பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு டிராலி ரிப்பேருக்குப் போயிருக்கும்.

கடைசியாக, நிர்வாகத்திடம் இன்னொரு நாளையும் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்: போகி. மீனம்பாக்கத்துக்கு ஜூன் 5ஐவிடப் பொருத்தமான நாள் அது. 2018 போகியன்று காலையில் பனியும் டயர், பிளாஸ்டிக் எரித்த புகையும் சேர்ந்து ஓடுபாதையே தெரியாமல் போனது. விமானங்கள் தாமதமாயின, வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. டெர்மினலில் கூட்டம் தேங்கினால் கழிவறையிலிருந்து தொட்டிவரை இரண்டு மடங்கு வேலை யார் தலையில் விழும் என்று உங்களுக்கே தெரியும். ஜனவரி முதல் வாரம், ஒவ்வொரு ஊழியரும் தன் தெருவில் எரிக்க வைத்திருக்கும் பழைய டயரையும் பாயையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் கொண்டுவந்து போட, பல்லாவரம் பக்கம் ஒரு வேன் நிறுத்த ஏற்பாடு செய்யுங்கள். வேன் வாடகையையும், சேர்ந்ததை எடுத்துக்கொள்ள மாநகராட்சியிடம் பேசுவதையும் இந்த வருஷப் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள். டிசம்பரில் கேட்டால் கிடைக்காது.