கேளுங்கள், சொல்கிறோம்: ஒருவரையொருவர் தெரியாத ஐந்து வீரர்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே தொடரைப் பற்றியவை. 2022 மார்ச் முதல் 2023 பிப்ரவரி வரை ஜப்பானின் டிவி அசாஹியில் ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு ஒளிபரப்பான முகமூடி வீரர் தொடர் ‘அவதாரோ சென்டாய் டான்பிரதர்ஸ்’. எனவே பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். தொடரின் முடிவை இங்கே உடைக்கவில்லை. நடுவில் வரும் ஓரிரு திருப்பங்களைத் தொடாமல் பதில் சொல்ல வழியில்லை.

கேள்வி: சின்ன வயதில் பவர் ரேஞ்சர்ஸ் பார்த்ததோடு சரி. டான்பிரதர்ஸை ‘விதிகளை உடைத்த சீசன்’ என்கிறார்கள். அப்படி என்ன விதி, எங்கே உடைத்தார்கள்? (மதுரை வாசகர்)

நீங்கள் பார்த்த பவர் ரேஞ்சர்ஸில் முகமூடி போட்டுக்கொண்டு சண்டையிடும் காட்சிகள் பெரும்பாலும் ஜப்பானின் சூப்பர் சென்டாய் வரிசையிலிருந்து எடுத்தவை. 1992இல் வந்த ‘ஜியூரேஞ்சர்’ காட்சிகளோடு அமெரிக்க நடிகர்களை ஒட்டி 1993இல் ஆரம்பித்தார்கள். சென்டாய் அதற்கு வெகு முன்பே, 1975இல், ‘கோரெஞ்சர்’ என்ற ஐவர் குழுவோடு தொடங்கிவிட்டது. ராட்சத ரோபோ 1979இன் ‘பேட்டில் ஃபீவர் ஜே’யில் சேர்ந்தது. (அதற்கும் ஒரு வருடம் முன்னால், சென்டாயைத் தயாரிக்கும் டோயே நிறுவனம் எடுத்த ஜப்பானிய ஸ்பைடர்மேனுக்கு ரோபோ இருந்தது. நம்பாதவர்கள் தேடிப் பார்க்கலாம்!)

அதன் பிறகு சட்டகம் இறுகிவிட்டது. ஐந்து பேர் ஓரிடத்தில் கூடுவார்கள், சேர்ந்து உருமாறுவார்கள், வரிசையாகப் பெயர் சொல்லி நிற்பார்கள், அரக்கனை வீழ்த்துவார்கள். அவன் மலையளவு வளர்ந்து எழுந்ததும் ரோபோவில் ஏறி மறுபடி வீழ்த்துவார்கள். இதற்கெல்லாம் அடியில் சொல்லாமலே எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு: இந்த ஐவரும் ஒருவருக்கொருவர் அறிமுகமான தோழர்கள்.

டான்பிரதர்ஸ் கைவைத்தது அந்த அடித்தளத்தில்தான். வரிசையில் 46ஆவதான இந்தக் குழுவில் பாதிப் பேருக்கு மீதிப் பேர் யாரென்றே தெரியாது. முகமூடியோடு தோளோடு தோள் நின்று சண்டையிட்ட இருவர், முகமூடி இல்லாமல் தெருவில் எதிர்ப்பட்டால் யாரோ எவரோ என்று விலகிப் போகிறார்கள். கறுப்பு வீரன் யார் என்ற விஷயம் தொடர் முக்கால்வாசி தாண்டிய பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிய வருகிறது. மற்ற விதிமீறல்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவையே.

கேள்வி: முதல் எபிசோடை இரண்டு முறை பார்த்தும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஹீரோ யார்? அந்தக் கூலிங்கிளாஸ் எதற்கு? (கோவை வாசகி)

இரண்டு விஷயம் தெரிந்தால் போதும், நூல் பிடிபட்டுவிடும்.

முதலாவது, மோமோதாரோ கதை. பீச் பழத்திலிருந்து பிறந்த சிறுவன், கையிலிருந்த தினைமாவு உருண்டையைப் பங்கு கொடுத்து நாய், குரங்கு, ஃபெசன்ட் பறவை மூன்றையும் துணை சேர்த்துக்கொண்டு, தீவில் இருக்கும் ஓனி அரக்கர்களை அடக்கப் போகிறான். ஜப்பானில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. தொடரின் சிவப்பு வீரன் மோமோய் தாரோ அந்தச் சிறுவன். நீலம் குரங்கு, கறுப்பு நாய், இளஞ்சிவப்பு பறவை. மஞ்சள்? அது ஓனி. கதைப்படி எதிரியாக இருக்க வேண்டியவளைத் தன் அணியிலேயே சேர்த்துக்கொண்டுதான் தொடர் ஆரம்பிக்கிறது. துணைவர்களுக்கு உருண்டைக்குப் பதில் ‘கிபி பாயிண்ட்’ கிடைக்கிறது. அதைக் கொடுத்து ஆசையை நிறைவேற்றிக்கொள்ளலாம், ஆனால் ஆசைக்கு ஈடான துரதிர்ஷ்டமும் கூடவே வரும்.

இரண்டாவது, கதையை யார் கண் வழியாகச் சொல்கிறார்கள் என்பது. வழக்கமாகச் சிவப்பு வீரனோடு தொடங்கும். இங்கே மஞ்சள் வீராங்கனையான கிட்டோ ஹருகாவோடு தொடங்குகிறது. பள்ளி மாணவி, மங்கா என்ற ஜப்பானியப் படக்கதை வரைந்து விருது வாங்கியவள். அந்த மங்கா வேறொருவருடையதன் அச்சு அசல் நகல் என்று பழி வர, விருதும் பெயரும் நட்பும் ஒரே மூச்சில் போய்விடுகின்றன. அந்த நேரத்தில் கைக்கு வந்து சேரும் கூலிங்கிளாஸைப் போட்டால் பிறர் கண்ணுக்குத் தெரியாத அரக்கர்கள் தெரிகிறார்கள். “மோமோய் தாரோவைக் கண்டுபிடித்து அவனுக்கு விசுவாசமாக இரு, இழந்ததெல்லாம் திரும்பும்” என்று அவளுக்கு உத்தரவு.

தேடித் தேடி அலைகிறாள். சண்டை முற்றும் நேரத்தில், திருவிழாவில் சாமியைத் தூக்கி வரும் ஜப்பானியப் பல்லக்கின்மேல் நின்றபடி, சுற்றிலும் ஆட்கள் ஆட, ஒருவன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்து இறங்குகிறான். சட்டைக்கை உரசினாலும் விட்டகுறை தொட்டகுறைதான், வா ஆடலாம் என்று கூவிவிட்டு எதிரியை வெளுக்கிறான். அவன்தான் டான் மோமோதாரோ. அவனிடம் விளக்கம் எதுவும் வராது. நீங்கள் குழம்பிய இடத்தில்தான் ஹருகாவும் குழம்பி நிற்கிறாள், அங்கே நிறுத்த வேண்டும் என்பதே இயக்குநர் ரியூதா தசாகியின் நோக்கம். மூன்றாவது முறை பார்க்க வேண்டாம், இரண்டாம் எபிசோடுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: கதை எழுதியவர் வேண்டுமென்றே கிறுக்குத்தனம் செய்திருக்கிறாரா, இல்லை எழுதத் தெரியாமல் போய்விட்டதா? (திருச்சி வாசகர்)

எழுதியவர் தோஷிகி இனோவே. 1991இல் ‘ஜெட்மேன்’ என்ற சென்டாயின் முதன்மைக் கதாசிரியராக இருந்து, குழுவுக்குள் முக்கோணக் காதலையும் பொறாமையையும் கொண்டுவந்து அந்தக் காலத்துப் பெற்றோரைத் திகைக்க வைத்தவர். டோயேயின் இன்னொரு முகமூடி வீரர் வரிசையான கமென் ரைடரில் ‘அகிட்டோ’, ‘ஃபைஸ்’, ‘கிவா’ அவர் கைவண்ணம். டான்பிரதர்ஸுக்கு அவரை அழைத்து வந்தவர் டோயேயின் தயாரிப்பாளர் ஷினிச்சிரோ ஷிராகுரா. எனவே எழுதத் தெரியாமல் என்ற பேச்சுக்கு இடமில்லை.

அவர் எடுத்துக்கொண்டது ஆள்மாறாட்ட நாடகத்தின் இலக்கணம். யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை வைத்தே சிரிப்பையும் பதற்றத்தையும் உண்டாக்குவது. அதற்குத் தோதாக ஒவ்வொருவருக்கும் ஒரு விசித்திரமான தடையைக் கட்டிவிடுகிறார். தாரோ பார்சல் டெலிவரி செய்பவன், பொய் சொன்னால் அவன் மூச்சே நின்றுவிடும். நீலமான சருஹரா ஷினிச்சி பணத்தைத் தொடமாட்டார், காபிக்கு விலையாக ஹைக்கூ சொல்லிவிட்டு எழுந்து போவார். கறுப்பான இனுசுகா சுபாசா செய்யாத குற்றத்துக்காகப் போலீஸ் தேடும் ஆள். இளஞ்சிவப்பான கிஜினோ சுயோஷி மனைவியே உலகம் என்று வாழும் அலுவலக ஊழியர். சென்டாய் வரிசையில் நிலையான இளஞ்சிவப்பு வீரராக வந்த முதல் ஆணும் இவரே.

இப்போது கணக்குப் போடுங்கள். சுபாசாவும் கிஜினோவும் முகமூடி இல்லாமல் நண்பர்களாகிறார்கள். சண்டையில் பக்கத்தில் நிற்பவன் அவன்தான் என்பது இருவருக்குமே தெரியாது. எதிரிகளான நோட்டோ இனத்தைச் சேர்ந்த சோனோய் என்ற அழகனும் தாரோவும் ஒருவரையொருவர் அறியாமலே மனமொத்துப் பழகுகிறார்கள். தாரோவால் பொய் சொல்ல முடியாது என்பது நமக்குத் தெரியும். ஆகவே “நீ யார்?” என்ற சாதாரணக் கேள்வி எப்போது வருமோ என்று வயிறு கலங்கும். வெடிகுண்டு வைத்து உண்டாக்கும் பரபரப்பை இனோவே ஒரு கேள்வியை வைத்தே உண்டாக்கிவிடுகிறார்.

இன்னொரு நுட்பம். இங்கே அரக்கர்கள் வெளியிலிருந்து வருவதில்லை. அளவுக்கு மீறிய ஆசை கொண்ட மனிதனே அரக்கனாகிறான். டான்பிரதர்ஸ் அடித்தால் மனிதன் மீள்கிறான். நோட்டோ கையில் சிக்கினால் அரக்கனோடு மனிதனும் துடைத்தெறியப்படுவான். ஆசை யாருக்குத்தான் இல்லை? கிஜினோவே, வீரர் பட்டியலில் இருந்துகொண்டே, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அரக்கனாகிறார். அதுவும் அன்பு காரணமாக. அந்த எபிசோடுகளைப் பார்த்துவிட்டு ‘கிறுக்குத்தனம்’ என்ற சொல்லைத் திரும்ப யோசியுங்கள்.

கேள்வி: நாயும் பறவையும் ஏன் கார்ட்டூன் மாதிரி இருக்கிறார்கள்? பட்ஜெட் இல்லையா? (சேலம் வாசகர்)

உருவத்தைப் பாருங்கள். நாய் வீரன் குட்டைக் கால்களோடு இடுப்பளவு உயரம். பறவை வீரன் சராசரி ஆளைவிட வெகு உயரம், குச்சிக் கால். இந்த அளவுக்குள் எந்தச் சண்டைக் கலைஞரும் உடை போட்டு நுழைய முடியாது. எனவே இருவரையும் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் செய்தார்கள். ஐவர் குழுவில் நிரந்தர உறுப்பினர் இருவரை வருடம் முழுவதும் இப்படிக் காட்டுவது செலவைக் கூட்டும் வேலை, குறைக்கும் வேலை அல்ல.

எங்கே சறுக்குகிறது? பகல் வெயிலில், தரையில் நின்று கைகலக்கும் ஷாட்டுகளில். பாதத்தின் கீழே நிழல் ஒட்டாது, குத்து விழுந்தாலும் எதிராளியின் உடம்பில் கனம் இறங்காது. அதனால்தான் நாயை ஓடவிட்டும் பறவையைப் பறக்கவிட்டும் அகல ஷாட்டில் வைத்துக்கொள்கிறார்கள். வேகத்தில் குறை தெரியாது. தவிர, பழைய சென்டாய் வீரர்களாக மாறும் வசதி இவர்களுக்கு உண்டு. மாறியதும் உண்மையான உடை, உண்மையான ஆள். ஆரம்ப எபிசோடுகளில் சண்டை சூடு பிடிக்கும் இடத்தில் அந்த மாற்றம் வருவதைக் கவனியுங்கள். ரசிகர்களுக்குப் பழைய நினைவு, படப்பிடிப்புக் குழுவுக்கு மூச்சுவிட நேரம்.

கேள்வி: ஏழு வயதுப் பிள்ளைக்குக் காட்டலாமா? (சென்னை வாசகி)

தாராளமாக. ரத்தம், ஆபாசம் இல்லை. ஆனால் எழுத்தில் ஓடும் மொழிபெயர்ப்பைப் படிக்கும் வேகம் வேண்டும், இது வாய்ப்பேச்சில் நிற்கும் தொடர். மனைவி, காதலி சம்பந்தப்பட்ட சிக்கல் பிள்ளைக்குப் புரியாது, பயப்படவும் வைக்காது.

கேள்வி: எல்லோரும் புகழ்கிறார்கள். குறையே இல்லையா? (புதுச்சேரி வாசகர்)

நிறைய உண்டு. ரோபோ பகுதி சப்பென்று இருக்கிறது. வீரர்களே ரோபோ உருவெடுத்து ஒன்றாக இணைந்து ‘டான் ஓனிதைஜின்’ ஆவது நல்ல யோசனை. அது வந்து சேரவே சில வாரம் ஆகிறது, வந்த பிறகும் ஓரிரு நிமிடத்தில் வேலையை முடித்து அனுப்பிவிடுகிறார்கள். பொம்மை விற்பதற்காகச் சேர்த்த காட்சி என்பது அப்பட்டமாகத் தெரியும்.

பெரிய குறை வேறு. மனிதர்களின் உருவத்தை எடுத்துக்கொண்டு திரியும் மிருக இனத்தின் கதை ஆரம்பத்தில் அச்சமூட்டுவதாக வந்து, நடுவில் வாரக்கணக்கில் காணாமல் போய், கடைசியில் அவசர அவசரமாக அவிழ்க்கப்படுகிறது. பின்னால் சேரும் மோமோதானி ஜிரோவுக்கு இரட்டைக் குணம் கொடுத்தார்கள், அதற்கேற்ற கதையைக் கொடுக்கவில்லை. காபிக் கடை முதலாளி கைட்டோ முந்தைய வருடத் தொடரான ‘ஜென்கைஜர்’ நாயகனின் முகத்தோடும் பெயரோடும் உலவுகிறார். அவர் யார் என்பதற்கு நேரான பதிலைக் கடைசிவரை எதிர்பார்க்காதீர்கள். இது சிலருக்கு வசீகரம். எங்கள் கணிப்பில் பாதி வசீகரம், பாதி நழுவல்.

கேள்வி: இந்தத் தொடருக்கு விமர்சனம் எழுத ஆசை. எப்படி அணுகுவது? (கொழும்பு வாசகர்)

ஐம்பது எபிசோடையும் ஒரு வாரத்தில் விழுங்காதீர்கள். வாரம் ஒன்றாகப் பார்க்க எழுதியது, திரும்பத் திரும்ப வரும் நகைச்சுவை ஒரே இருப்பில் பார்த்தால் திகட்டும். ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று.

ஒரு தாளில் கட்டம் போடுங்கள். மேலே ஐவர் பெயர், கூடவே நோட்டோ மூவரான சோனோய், சோனோனி, சோனோசா. பக்கவாட்டிலும் அதே பெயர்கள். யாருடைய நிஜ முகம் யாருக்குத் தெரியவருகிறதோ, அந்தக் கட்டத்தில் எபிசோடு எண்ணைக் குறியுங்கள். பாதித் தொடர் முடிந்த பிறகும் எத்தனை கட்டம் காலியாக இருக்கிறது என்று பார்த்தால் இனோவேயின் திட்டம் கண்முன் தெரியும். ‘கதை எங்கும் போகவில்லை’ என்று எழுதும் விமர்சகர்கள் பெரும்பாலும் சம்பவங்களை எண்ணுகிறார்கள். இந்தத் தொடரில் நகர்வது சம்பவம் அல்ல, தெரிதல்.

அடுத்து, ஏதாவது ஐந்து எபிசோடுகளில் கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். முகம் தெரியும் நாடகம் எத்தனை நிமிடம், உடை போட்ட சண்டை எத்தனை நிமிடம், ரோபோ எத்தனை நிமிடம். பிறகு வழக்கமான ஒரு சீசனில் அதே கணக்கை எடுங்கள். ‘வித்தியாசமானது’ என்ற வெற்றுச் சொல்லுக்குப் பதிலாக எண்ணோடு பேசலாம்.

மொழிபெயர்ப்பை முழுக்க நம்ப வேண்டாம். சருஹராவின் ஹைக்கூ ஐந்து, ஏழு, ஐந்து என்ற அசைக்கணக்கில் வருவது. மொழிபெயர்ப்பில் அந்தக் கணக்கு கரைந்து, வெறும் உளறலாகத் தோன்றும். அந்த இடத்தில் எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேளுங்கள், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

கடைசியாக, திருப்பங்களை எங்கே உடைப்பது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கிஜினோவின் மனைவி மிஹோ பற்றிய விஷயத்தை விமர்சனத்தின் முதல் பத்தியில் போட்டுவிட்டால், படிப்பவருக்கு முப்பது எபிசோடின் சுவை போச்சு.

கேள்வி: இதே மாதிரி தடம் மாறிய வேறு சென்டாய்? (ஈரோடு வாசகர்)

சென்டாயையே கிண்டலடிக்கும் சென்டாய் வேண்டுமென்றால் 1996இன் ‘கார்ரேஞ்சர்’. கள்வர் குழுவும் போலீஸ் குழுவும் ஒரே தொடரில் மோதிக்கொள்ள வேண்டுமென்றால் 2018இன் ‘லூபின்ரேஞ்சர் விஎஸ் பாட்ரேஞ்சர்’. ஒரே ஒரு மனிதனும் நான்கு இயந்திரங்களும் குழுவாக இருக்க வேண்டுமென்றால் 2021இன் ‘ஜென்கைஜர்’. வீரர்கள் ஐவருமே ஆட்சியாளர்களாக இருக்க வேண்டுமென்றால், டான்பிரதர்ஸ் முடிந்த கையோடு வந்த ‘கிங்ஓஜர்’. இனோவேயைப் பிடித்துப்போனால் ஜெட்மேனுக்குப் போங்கள். கிராஃபிக்ஸ் பழசு, உடைகள் பளபளப்பு. ஆனால் கறுப்பு வீரன் கய் வாயைத் திறக்கும்போதெல்லாம் டான்பிரதர்ஸ் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.