ஒரே மைவி, இரண்டு பிரிமியம்

கேள்வி: நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே ஆண்டு மைவி கார், ஒரே சிசி. கார் காப்புறுதிக்கு அவரைவிட நான் இரண்டு மடங்குக்கு மேல் பிரிமியம் கட்டுகிறேன். ஏஜெண்ட் ஏமாற்றுகிறாரா? போன வருஷம் கோயில் வாய்க்காலில் வண்டி இறங்கி ஒரு கிளைம் எடுத்தேன், அவ்வளவுதான்.
– வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அந்த 'அவ்வளவுதான்'தான் தம்பி விஷயமே! ஐந்து வருஷம் கிளைம் இல்லாதவருக்கு என்சிடி, அதாவது கிளைம் எடுக்காததற்குப் பிரிமியத்தில் தரும் தள்ளுபடி, 55 விழுக்காடு. உங்களுக்கு அது சுழியாகிவிட்டது. மறுபடி வருஷத்துக்கு வருஷம் 25, 30, 38.33, 45 என்று ஏறித்தான் வரவேண்டும். பாவம், ஏஜெண்டைத் திட்டாதீர்கள்.

முன்பெல்லாம் சிசியும் காப்புத் தொகையும் (வண்டியை எவ்வளவு மதிப்புக்குக் காப்புறுதி செய்கிறீர்கள் என்பது) தெரிந்தால் நானே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவேன். 2017 ஜூலைக்குப் பிறகு முழுக் காப்புறுதிக்கு அந்தந்த நிறுவனமே விலை வைக்கிறது: ஓட்டுநர் வயது, வண்டி மாடல், திருட்டு அபாயம், எந்த ஊர் என்று பலதும் பார்க்கிறார்கள். அதனால் இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள்.

செம்பனை லாரிக்குப் பின்னால் போகிறவர் நீங்கள். காரின் முன் கண்ணாடிக்குத் தனிக் காப்பு எடுத்துவிடுங்கள். கல் பட்டு உடைந்து கிளைம் செய்தாலும் என்சிடி போகாது. காப்புத் தொகையைக் குறைத்து மலிவாக்கித் தருகிறேன் என்பவரிடம் மட்டும் மாட்டாதீர்கள், இழப்பீடும் குறைந்துதான் வரும்.